ப்ராம்ப்டர் இனி வேண்டாமாம். 19 வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்

பக்கத்தட்டி | வெள்ளி, இரவு 11:20

திருச்சியில் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் இருக்கிறேன். மொத்தம் 14 பேர், மேடையில் முகம் காட்டுபவர்கள் 9. வங்கி, மின்வாரியம், டியூஷன் சென்டர், ஒரு ஹோமியோபதி டாக்டர் என்று கலவையான கூட்டம். வருஷத்துக்கு நாலைந்து காட்சி போடுவோம். போன காட்சிக்கு சபா கொடுத்தது 15 ஆயிரம், செட், மேக்கப், வேன், சாப்பாடு என்று போனது 22 ஆயிரம். மிச்சத்துக்குத் தலைக்கு ஐந்நூறு போட்டோம். இதைச் சொல்லிக் குறைபட வரவில்லை, வழக்கமாக நடப்பதுதான்.

விஷயம் இது. நான் 19 வருஷமாகப் ப்ராம்ப்டர், அதாவது நடிகர் வசனத்தை மறந்தால் மறைவில் இருந்து எடுத்துக் கொடுப்பவன். மேடையில் ஒரு தடவைகூட ஏறியதில்லை, ஆசையும் இல்லை. வலது பக்க விங்கில் (மேடை ஓரத்து மறைவில்) ஒரு ஸ்டூல், ஒரு பென் டார்ச், ஸ்பைரல் போட்ட ஸ்கிரிப்ட். போன மாதம் கும்பகோணத்தில் காட்சி. அப்பா சாகக் கிடக்கிறார், மூத்த மகனைக் கூப்பிட்டு வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும், நாடகத்தின் உயிரே அந்த இடம்தான். அப்பாவாக நடிப்பவருக்கு வயசு 71. "பத்திரம்... பத்திரம்..." என்று நின்றுவிட்டார். நான் "அரிசி டின்னுக்கு அடியில" என்று எடுத்துக் கொடுத்தேன். அது மேலே தொங்கிய மைக்கில் விழுந்து ஹால் முழுக்கக் கணீரென்று கேட்டது. இரண்டு விநாடி கழித்து அவர் ஈனக் குரலில் "அரிசி டின்னுக்கு அடியில" என்கிறார். அவ்வளவுதான், ஹால் குலுங்கிச் சிரித்தது. அழ வேண்டிய மருமகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், அழுகிறாள் என்றே நினைத்தேன், தோள் குலுங்கியதைப் பார்த்தபிறகுதான் அதுவும் சிரிப்பு என்று தெரிந்தது.

எங்கள் டைரக்டர் 31 வயசுப் பையன், கெட்டிக்காரன், எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. அடுத்த மீட்டிங்கில் "இனிமே ப்ராம்ப்டிங் கிடையாது, மனப்பாடம் பண்ண முடியாதவங்க நடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. மற்ற குழுக்களில் என்ன செய்கிறீர்கள்? நான் ஒதுங்கிக்கொள்வதா, சண்டை போடுவதா?

ஒலிபெருக்கி | வெள்ளி, இரவு 11:52

சார், தப்பு உங்கள் மேல் இல்லை, மைக் கட்டினவன் மேல். நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். தொங்கு மைக் யார் நடிகர், யார் ப்ராம்ப்டர் என்றெல்லாம் பார்க்காது. விங்கிலிருந்து மூன்றடிக்குள் தொங்கினால் ப்ராம்ப்டர்தான் கதாநாயகன். காட்சிக்கு முன்னால் நீங்கள் நிற்கிற இடத்தில் நின்று வழக்கமான குரலில் நாலு வரி படித்துக் காட்டுங்கள், ஆப்பரேட்டர் ஓர மைக்கின் வால்யூமை இறக்கிவைப்பார். இதைக் கேட்டு வாங்குகிற குழு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. எல்லோரும் "ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்" என்று நடு மைக்கில் கத்திவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

கீபோர்டு | சனி, காலை 7:05

இந்தக் காலத்தில் ஸ்டூலும் டார்ச்சுமா? 71 வயசுக்காரர் காதில் சின்ன ப்ளூடூத் வைத்துவிட்டு நீங்கள் பின்னால் உட்கார்ந்து போனில் படியுங்கள். வேலை முடிந்தது.

ஒலிபெருக்கி | சனி, காலை 7:40

அதையும் பார்த்தாயிற்று தம்பி. ஒரு காட்சியில் ராஜாவாக வந்தவர் கிரீடத்துக்குள் மறைத்து வைத்திருந்தார். நடுவில் வேறு அழைப்பு வந்துவிட்டது. மந்திரி ஓலை வாசித்துக்கொண்டிருக்க, ராஜா காதைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ரெண்டு வேஷம் | சனி, மதியம் 2:15

சென்னையில் சபா நாடகங்களில் 22 வருஷமாக நடிக்கிறேன். பெயர்க் காரணம்: எங்கள் குழுவில் பெண்கள் இரண்டே பேர், ஒருத்தி வராத நாளில் அம்மாவும் நான்தான், பக்கத்து வீட்டு மாமியும் நான்தான். ஒரே காட்சியில் இருவரும் பேசிக்கொள்கிற மாதிரி எழுதிவிடாதீர்கள் என்று எழுத்தாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பேன்.

பக்கத்தட்டி சார், உங்கள் டைரக்டர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, கோபப்படாதீர்கள். ப்ராம்ப்டர் இருக்கிறார் என்ற தைரியத்திலேயே பாடம் பண்ணாமல் வருகிற ஆண்களை நிறையப் பார்த்துவிட்டேன் (ஆண்கள்தான், பெண்களுக்கு அந்த சௌகரியம் கிடையாது, தடுமாறினால் "வீட்டு ஞாபகமா மேடம்" என்று கேட்பார்கள்). வசனம் மறந்த நொடியில் நடிகரின் கண் விங்குக்குப் போகும். எதிரில் நிற்கிற எனக்கு அது சுருக்கென்று குத்தும். அவர் என் மகனாகப் பேசிக்கொண்டிருக்கிறார், திடீரென்று என்னை விட்டுவிட்டு இருட்டைப் பார்க்கிறார். முன் வரிசைக்கும் அது தெரியும்.

ஆனால் நல்ல ப்ராம்ப்டர் என்று ஒருவர் எங்களுக்கு இருந்தார், காலமாகிவிட்டார். அவர் முழு வாக்கியம் கொடுக்கவே மாட்டார், முதல் சொல் மட்டும்தான். அதையும் நடிகர் நின்றபிறகு கொடுக்க மாட்டார், நிற்பதற்கு முன்னால் கொடுப்பார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "மறக்கப் போறவன் முந்தின வரியைக் கொஞ்சம் வேகமாச் சொல்லுவான்மா, அவனுக்கே தெரியாது" என்றார். ஒத்திகைக்கு அவர் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. ஒவ்வொருவரும் எங்கே மூச்சு விடுகிறார்கள், எது வேண்டுமென்றே விடுகிற இடைவெளி, எது மறதி என்று ஸ்கிரிப்ட் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பார். காட்சி அன்றைக்கு மட்டும் ஒருவர் கையில் பிரதியைக் கொடுத்து "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றால் உங்கள் அரிசி டின் மாதிரிதான் ஆகும். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரிகிறது, பொதுவாகச் சொன்னேன்.

எத்தனை ஒத்திகை பார்த்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

தெருக்கோடி | சனி, மாலை 6:30

எங்கள் வீதி நாடக ஆட்கள் பேருந்து நிலையத்திலும் ஆலை வாசலிலும் நடிக்கிறார்கள். விங் கிடையாது, திரை கிடையாது, மைக் கிடையாது. 1980இல் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் பட்டறை நடத்திய காலத்திலிருந்து தமிழில் இது நடக்கிறது. வசனத்தை மறந்தால் சொந்தமாகப் பேசு, கதை உனக்குத் தெரியுமல்லவா? சபா நாடகத்தில் எழுதியதை ஒப்பிப்பதுதான் நடிப்பு என்று ஆகிவிட்டது. அதுவும் என்ன வசனம், துணுக்குத் தோரணம். ஒரு ஜோக்கை மறந்தால் அடுத்த ஜோக்குக்குத் தாவ வேண்டியதுதானே, யாருக்குத் தெரியப் போகிறது?

ரெண்டு வேஷம் | சனி, இரவு 9:10

வந்துவிட்டார்கள். "துணுக்குத் தோரணம்" என்ற சொல் வராமல் நாடகம் பற்றி இங்கே ஒரு இழைகூட ஓடாதா?

1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது கூத்தாடி என்றால் ஏளனமாகப் பார்த்த ஊர் இது. சம்பளத்துக்கு இல்லாமல் ஆசைக்காகப் படித்தவர்கள் வேஷம் கட்டினார்கள், அதுவே பெரிய கலகம். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் (அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலக) வேலையோடுதான் நாடகம் போட்டார். பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தவர். பகலில் ஒரு வேலை, ராத்திரி இது. நான் அண்ணா நகரிலிருந்து ஒத்திகைக்கு மயிலாப்பூர் போய்த் திரும்பும்போது மணி பத்தரை, ஆட்டோவுக்குக் கொடுப்பது என் கைக்காசு. எங்கள் நாடகம் சுமார் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஒப்பிப்பதாகச் சொல்லாதீர்கள்.

தெருக்கோடி | சனி, இரவு 9:48

சரி, அந்தச் சொல்லை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் பிரதியை விட்டு ஒரு சொல் நகரக் கூடாது என்ற பயம் உங்களிடம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி நாடகப் பிரதியைப் போலீசுக்குக் கொடுத்து அனுமதி வாங்கவேண்டியிருந்தது. கொடுத்ததில் இல்லாததைப் பேசினால் வம்பு. நாடகக்காரரும் எழுத்தாளருமான ஞாநி வழக்குப் போட்டு, 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. விங்கில் பிரதியோடு நிற்பவர் நடிகருக்கு மட்டும் துணை நின்றார் என்று நான் நினைக்கவில்லை.

ரெண்டு வேஷம் | சனி, இரவு 10:02

இது யோசிக்க வேண்டிய விஷயம்தான். எங்கள் பழைய பிரதிகளிலும் முத்திரை இருக்கிறது.

பொன்னமராவதிக்காரன் | ஞாயிறு, காலை 9:25

நீங்கள் எல்லாம் சபா, பட்டறை என்று பேசுகிறீர்கள், நான் கிராமத்துக் கதை சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் பொங்கலுக்கு இளவட்டங்கள் சமூக நாடகம் போடுவோம். மார்கழி முழுக்கப் பள்ளிக்கூடத் திண்ணையில் ஒத்திகை. ஆளுக்கொரு 40 பக்க நோட்டு, அதில் அவரவர் வசனமும், முந்தின ஆள் பேசுகிற கடைசி நாலு சொல்லும் மட்டும் இருக்கும். முழுக் கதையும் வாத்தியார் ஒருவருக்குத்தான் தெரியும். இன்ஸ்பெக்டராக நடித்த எனக்கு, நான் கைது செய்கிற ஆள் குற்றவாளியே இல்லை என்பது மேடையில்தான் தெரியவந்தது.

எல்லா வேஷமும் உள்ளூர் ஆட்கள், கதாநாயகி மட்டும் வெளியூர். மதுரையிலிருந்து சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்குவார், சாப்பிட்டு முடித்ததும் மேக்கப். ஒத்திகைக்கெல்லாம் எங்கே காசு? அவருக்குக் கதைச் சுருக்கத்தை வாத்தியார் சொல்லுவார், அவ்வளவுதான். அப்புறம் விடிய விடிய வாத்தியார்தான் அவருக்கு நிழல். அரண்மனை வரைந்த படுதாவுக்குப் பின்னால் நோட்டும் கையுமாக அவர் நடக்கிற பக்கமெல்லாம் இவரும் நடப்பார். படுதாவில் ஒரு தூண் இருக்கும் இடத்தில் சின்ன ஓட்டை, அதில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொள்வார். அந்த அம்மா பேசத் தெரிந்தவர், சொல்லை வாங்கின அடையாளமே இருக்காது, கண்ணீரோடு திருப்பித் தருவார். எங்கள் பையன்கள்தான் ஒரு மாசம் பாடம் பண்ணியும் சொதப்பினார்கள்.

அதே ஊரில் பங்குனித் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நடக்கும், சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டு. அது தொழில்முறை ஆட்கள். வள்ளி ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் வேறு ஊர். மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகையும் இல்லை, ப்ராம்ப்டரும் இல்லை. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் வந்தால் விடியற்காலை வரை இழுக்கும். எனக்கு இன்னும் அது எப்படி என்று பிடிபடவில்லை அண்ணே.

பக்கத்தட்டி | ஞாயிறு, இரவு 8:45

எல்லோருக்கும் நன்றி. ரெண்டு வேஷம் மேடம், 11 ஒத்திகை பார்த்தோம். அதில் எல்லோரும் வந்தது இரண்டு நாள். பெரியவர் 11க்கும் வந்தார், ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில், நாங்கள் வரும்முன்பே நாற்காலிகளைப் போட்டு வைத்திருப்பார்.

ஒரு விஷயத்தை முதலில் எழுதாமல் விட்டேன், அவர் இதைப் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன். அவருக்கு ஒரு வருஷமாகக் காது மந்தம். மெஷின் வாங்கிவிட்டார், ஆனால் மேடையில் போட மாட்டார், விக்கோடு உரசிக் கீச்சென்று கத்துகிறதாம். அதனால்தான் நான் சத்தமாகக் கொடுத்தேன். முதல் சொல்லை மெதுவாகத்தான் கொடுத்தேன், அவர் காதில் விழவில்லை, இரண்டாவது தடவை கொடுத்ததுதான் மைக்கில் போனது. இது டைரக்டருக்குத் தெரியாது. சொன்னால் அடுத்த நாடகத்தில் அவரைத் தாத்தா போட்டோவாகச் சுவரில் மாட்டிவிடுவான் என்று பயம். எங்கள் குழு தொடங்கியபோது முதல் நாடகத்தின் கதாநாயகன் அவர். செட்டுக்குப் பணம் குறைந்தபோது மனைவியின் வளையலை வைத்துக் கொடுத்தவர். மனப்பாடம் பண்ண முடியாதவர்கள் நடிக்க வேண்டாம் என்று பையன் சொன்னபோது யார் முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னான். ஆனால் அந்த அறையில் இருந்த எல்லோரும் பெரியவரைத்தான் பார்த்தோம். அவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

கீபோர்டு | ஞாயிறு, இரவு 9:01

நான் ப்ளூடூத் என்று எழுதியதற்கு மன்னிக்கவும் சார்.

மட்டுநகர் | திங்கள், காலை 6:10

ஐயா, நான் மட்டக்களப்பு. எங்கட பக்கத்து வடமோடி, தென்மோடிக் கூத்து ஆடுகிறவர்களும் தொழில் கலைஞர்கள் இல்லை, வயல் செய்கிறவர்கள், மீன்பிடிக்கிறவர்கள். சட்டம் கொடுத்தல் என்று ஒரு நாள் வைத்து ஆளாளுக்கு வேஷம் பிரித்துக் கொடுப்பார்கள், பிறகு மாதக்கணக்கில் இரவு இரவாகப் பழகுவது, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், கடைசியில்தான் அரங்கேற்றம்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கட வட்டக் களரியில் (ஆடுகிற களத்தில்) கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவிலேயே நிற்பார். தாளக்காரர், பக்கப்பாட்டுக்காரர், கொப்பி (பிரதி) பார்க்கிறவர் எல்லாரும் அவரோடுதான். ஆட்டக்காரர்கள் அவர்களைச் சுற்றித்தான் ஆடுவார்கள். ஆடுகிறவர் தருவின் (பாட்டின்) முதலடியை விட்டால் நடுவில் நிற்கிறவர் எடுத்துக் கொடுப்பார். சுற்றி இருக்கிற சனம் முழுக்கப் பார்க்கும், ஒருவரும் சிரிப்பதில்லை. ஒளிந்து நின்று சொன்னால்தானே களவு மாதிரித் தெரியும்?

உங்களை மேடைக்குக் கொண்டுவர ஏதும் வழி இல்லையா?

தெருக்கோடி | திங்கள், காலை 8:20

அருமை. இதை நான் சொல்லியிருக்க வேண்டும், சண்டை போட்டுக்கொண்டிருந்துவிட்டேன்.

பக்கத்தட்டி | திங்கள், காலை 9:30

ஆபீஸில் இருக்கிறேன், வேலை ஓடவில்லை. நாடகத்தில் அந்த அப்பா ஒரு காலத்தில் அரிசி மண்டி வைத்திருந்தவர். மண்டியென்றால் கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? இன்றைக்கு ராத்திரி பையனிடம் பேசுகிறேன்.

பக்கத்தட்டி | 24 நாள் கழித்து, இரவு 12:50

இப்போதுதான் தஞ்சாவூரிலிருந்து வேனில் வந்து இறங்கினோம். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

அன்று ராத்திரி பையனிடம் காது விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றான், நான் என்ன சொல்வது. மறுநாள் காலையில் போன் பண்ணினான், கணக்குப்பிள்ளை பாத்திரத்தை எழுதியாயிற்று. பழைய முதலாளியை விட்டுப் போக மனசில்லாத கணக்குப்பிள்ளை, படுக்கைக்குப் பக்கத்திலேயே தரையில் சாய்வு மேஜையைப் போட்டுக்கொண்டு வராத கடன்களை எழுதிக்கொண்டிருப்பார். பெரியவரின் எந்தக் காது தேவலையோ அந்தப் பக்கம். பேரேட்டுக்குள் ஸ்கிரிப்ட். "எழுதிக்கிட்டேன் முதலாளி, அரிசி டின்னுக்கு அடியில" என்று நான் முனகினால் அது என் வசனமாகவே ஆகிவிடும். ஒலிபெருக்கி சொன்னபடி மைக்கையும் தள்ளிக் கட்டச் சொல்லி, என் இடத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.

58 வயசில் முதல் தடவையாக அரிதாரம். மேக்கப்மேன் மீசையை ஒட்டும்போது பசை நாற்றம் தாங்கவில்லை, இத்தனை வருஷம் இவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூன்றாவது மணி அடித்ததும் கை நடுங்கியது. திரை தூக்கினார்கள், எதிரே ஒன்றுமே தெரியவில்லை, கறுப்பாக ஒரு குகை, அதற்குள்ளிருந்து யாரோ இருமுகிறார்கள்.

நாங்கள் யோசிக்காத ஒன்று லைட். ராத்திரிக் காட்சி என்று பையன் நீல லைட் போட்டிருந்தான். பேரேட்டில் ஒரு எழுத்துத் தெரியவில்லை, டார்ச்சும் அடிக்க முடியாது. பெரியவர் இரண்டு இடத்தில் நின்றார். ஒரு இடத்தில் சொல் தானாக வந்துவிட்டது, எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். இன்னொரு இடத்தில் நான் ஒரு பக்கம் தள்ளிக் கொடுத்துவிட்டேன், அவரும் அப்படியே தாவிவிட்டார், இரண்டாவது மகன் வந்து நியாயம் கேட்கிற கட்டம் முழுசாகப் போயிற்று. விங்கில் தயாராக நின்றிருந்த ஹோமியோபதி டாக்டர் இன்னும் என்னோடு பேசவில்லை. வேனில் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பத்திரம் இடத்தில் பெரியவர் நிற்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். ஹால் அமைதியாக இருந்தது.

ரெண்டு வேஷம் | மறுநாள், காலை 7:15

டாக்டருக்கு நானே போன் பண்ணிச் சமாதானம் சொல்கிறேன், நம்பர் தனிமடலில் அனுப்புங்கள். என் காட்சியும் இப்படி ஒரு தடவை போயிருக்கிறது, நான் மூன்று வாரம் பேசவில்லை. அடுத்த காட்சி எப்போது?

பக்கத்தட்டி | மறுநாள், காலை 10:40

அடுத்த மாதம் கரூர். நீல லைட்டை மஞ்சளாக மாற்றச் சொல்லியிருக்கிறோம், டாக்டருக்கு இரண்டு வசனம் கூட்டியிருக்கிறான் பையன். அப்புறம் ஒரு உதவி, சாய்வு மேஜைக்கு செட்காரர் ஒரு காட்சிக்கு 600 ரூபாய் தனியாக வாங்குகிறார். திருச்சி, கரூர் பக்கம் யார் வீட்டிலாவது பழைய கணக்குப்பிள்ளை மேஜை பரணில் கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், காலில் ஒன்று ஆடினாலும் பரவாயில்லை.